தப்போடு வாசிக்கச் சொன்ன வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். இருமல் போய்விட்டது. நீ தைத்து அனுப்பிய கறுப்புக் கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொள, ஆனால் வயலின் வில் பிடிக்கிற கைக்கு அதுதான் வசதி. உன் முதுகுவலி எப்படி? கடையில் அந்த ஓவர்லாக் மெஷின் இன்னும் மக்கர் பண்ணுகிறதா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

புது வேலை ஒன்று வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஏஜென்ட் கூப்பிட்டு, "ஒரு வீடும்மா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். ஒரே மெட்டு. கேக்கறவங்க ஒருத்தர்தான்" என்றார். கல்யாண வரவேற்பில் தட்டுச் சத்தத்துக்கும் பிள்ளைகள் கூச்சலுக்கும் நடுவில் வயலினைத் தேய்த்துக்கொண்டிருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உடனே தலையை ஆட்டிவிட்டேன்.

சரிவான ஒரு தெரு. கீழே பல் டாக்டர், மாடியில் அந்த வீடு. கதவைத் திறந்த அம்மாள் "வாங்க" என்று மட்டும் சொல்லி, கடைசி அறைக்கு அழைத்துப்போனார். கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பு. ஜன்னலோரம் நோட்டு வைக்கிற ஸ்டாண்டு, என் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. திருகை உயர்த்தப் போனேன். "அது அப்படியே இருக்கட்டுங்க" என்றார். குனிந்துகொண்டே வாசித்தேன்.

யாருடைய அறை என்று நான் கேட்கவில்லை. என் சட்டதிட்டம் உனக்குத் தெரியுமே: கறுப்பு உடை, நேரத்துக்கு முன்னால் போவது, வீட்டுக்காரர் கதையைத் தோண்டாமல் இருப்பது, கொடுத்ததை வாங்கிச் சாப்பிடாமல் இருப்பது, ஒப்புக்கொண்டதை ரத்து செய்யாமல் இருப்பது. போகவே முடியாவிட்டால் தகுதியான ஒருத்தரைப் பதிலுக்கு அனுப்புவது. நீ இதைப் படித்துவிட்டு "பெரிய கலெக்டர்" என்று முகத்தைச் சுளிப்பாய்.

மெட்டு எது தெரியுமா? பள்ளிக்கூட நாளில் நான் வாசித்து வாசித்து உங்கள் பிராணனை வாங்கினேனே, அந்த மெதுவான மெட்டு. வயலின் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் கொடுப்பார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
குட்டி

பிப்ரவரி 14

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. ஓவர்லாக் மெஷின் நன்றாக ஓடுகிறது, ரிப்பேரானது நான்தான். முதுகுக்குத் தைலம் தடவிக்கொள்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துவிட்டு மேடை ஏறாதே.

போன் போட்டால் "ரிகர்சல்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் முழுக்கப் போய்விட்டது. நினைவும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. என்னை "டெய்லரம்மா" என்கிறாள். "டெய்லரம்மா, உங்களுக்குக் கல்யாணமாயிடுச்சா?" என்று தினமும் விசாரிக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நான் சிரித்துவைக்கிறேன்.

நவம்பரில் நீ வந்தபோது நடந்ததை நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. "யாரு இது, பாவம், வாசல்ல நிக்கவெச்சுப் பேசறீங்களே" என்று அவள் சொன்னதும் உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நாலு நாள் இருப்பதாக வந்தவள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். உன் மேல் தப்பு சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேள். அப்போது உன் வயலின் பசை விட்டு ரிப்பேருக்குப் போயிருந்தது. வெறுங்கையோடுதான் வந்தாய். போன வாரம் ரேடியோவில் யாரோ வயலின் வாசித்தார்கள். அம்மா தலையைத் தூக்கி, "இது குட்டி இல்ல. குட்டி வாசிச்சா வேற மாதிரி இருக்கும்" என்றாள். என் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றுவிட்டது. அப்பாவை மறந்தாள், என்னை மறந்தாள், உன் முகத்தை மறந்தாள். உன் வாசிப்பு மட்டும் அவளிடம் இருக்கிறது.

அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர், எப்போது என்று சொல்ல முடியாதாம். அதற்குள் வயலினோடு வந்துவிடு. முகத்தைக் காட்ட வேண்டாம், பேச வேண்டாம், வாசி. அவளுக்கு நீ கிடைப்பாய்.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம். முதுகுக்குத் தைலம் போதாது, டாக்டரிடம் காட்டு. அம்மாவின் கண் விஷயம் படித்தேன்.

அந்த மாடி வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. போன தடவை வாசித்து முடித்ததும் அந்த அம்மாள், "நல்லா வாசிக்கிறீங்க. ஆனா ரொம்ப சரியா வாசிக்கிறீங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. அலமாரியிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து ஒரு கேசட்டைப் போட்டார். அதே மெட்டு, யாரோ ஒரு பெண். மேல் ஸ்வரத்துக்கு ஏறுகிற இடத்தில் அவள் நின்றுவிடுகிறாள். ஒரு மூச்சு. அப்புறம் ஏறி, சரியான இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே விரலை வைத்து, மெல்ல நகர்த்திச் சரிப்படுத்துகிறாள். கற்றுக்கொள்கிறவர்கள் பயத்தில் செய்கிற தப்பு அது.

"என் பொண்ணு அங்க அப்படித்தான் வாசிப்பா. அப்படி வாசிக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

முடியாது என்று ஏன் சொல்ல வேண்டும்? கேட்டதை வாசிப்பதுதானே என் பிழைப்பு. வீட்டுக்கு வந்து பழகினேன். தப்பாக வாசிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைக்கவேயில்லை. விரல் தானாக நேரே போய்விடுகிறது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் வந்துவிட்டது. வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரிப்பு கசங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

இந்த மாதம் வேலை அதிகம், அதனால் வருவதைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

உன்
குட்டி

மார்ச் 11

குட்டிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஒருத்தர் பிழையாகத் தைக்கச் சொன்னால் நானும் தைத்துக் கொடுப்பேன், தப்பில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கப்போகிறவர் அவர், நானில்லை. உன் விஷயத்தில் அது உன் விரலோடல்லவா போகிறது. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

அந்த மெட்டைப் பற்றி எழுதியதும் ஞாபகம் வந்தது. நீ வாசிக்கிறபோது அம்மா துணி மடித்துக்கொண்டே, "பாரு, இப்ப ஏறுவா, நிக்கவே மாட்டா பாரு" என்பாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அந்த இடத்தில் தடுக்கி விழுவார்களாம், அவள் பெண் மட்டும் விறுவிறுவென்று ஏறிப்போய்விடுவாளாம். அக்கம்பக்கத்தில் சொல்லி மாளாது அவளுக்கு.

என்றைக்கு வருகிறாய்? தேதியை மட்டும் எழுது, வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு மருந்து ஏதாவது அனுப்பவா?

மாடி வீட்டுக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன். அந்த அம்மாள் என்னை "நீங்க" என்பதை விட்டுவிட்டார். கதவைத் திறந்ததும் "பஸ் கிடைச்சுதா கண்ணு? ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறார். உண்மையில் நான் முன்னாலேயே போயிருப்பேன். வாசித்து முடித்ததும் பால் கொண்டுவருகிறார். முதலில் வேண்டாமென்றேன். நான் வாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. குடித்துவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் குடிக்கிறேன். கட்டிலுக்கடியில் இருக்கும் செருப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

இதெல்லாம் கூடாது என்று எனக்கே தெரியும். வேறு யாராவது செய்திருந்தால் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் அக்கா, நான் உள்ளே நுழைகிறபோது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அவருக்கு என்னைத் தெரிகிறது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மே மாதம் முழுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன், ரத்து செய்ய முடியாது. ஜூனில் பார்க்கலாம்.

உன்
குட்டி

மே 1

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? இங்கே வெயில். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்கையில் சாய்ந்தபடியே இருக்கிறாள்.

எதிர்வீட்டு மாடிக்கு ஒரு மியூசிக் டீச்சர் குடிவந்திருக்கிறார். என் வயதுதான். கோட்டுக்குப் பட்டன் மாற்ற வந்தவர் சுவரில் வயலினோடு நீ நிற்கிற போட்டோவைப் பார்த்து, தானும் வாசிப்பதாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நீ காலேஜ் போகுமுன் வாசித்துப் பதிவுசெய்த கேசட்டை எடுத்துக் கொடுத்து, "இதே மாதிரி வாசிக்க முடியுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் அதை வாங்கிப்போய்ப் பழகிவிட்டு வந்தார். நேற்றுச் சாயங்காலம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். அந்த இடம் வந்ததும் நிற்காமல் ஏறினார். அம்மா கையை நீட்டி, "குட்டி, எப்படி வந்த?" என்றாள்.

போக முடியாதவள் தன் இடத்துக்குத் தகுந்த ஆளை அனுப்ப வேண்டும் என்று நீதான் எழுதினாய். நீ அனுப்பவில்லை. நான் பிடித்து வந்தேன்.

உன் அக்கா

மே 5

அக்கா,

யாரைக் கேட்டு இதைச் செய்தாய்? அது என் கேசட். அவள் என் அம்மா. அந்த டீச்சரிடம் சொல்லி இதோடு நிறுத்தச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டி

மே 12

குட்டிக்கு,

எல்லோரும் சுகம், அம்மாவைத் தவிர.

நிறுத்த மாட்டேன். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தியின் செருப்பைப் போட்டுக்கொண்டு நீ பால் குடிக்கலாம், இங்கே ஒருத்தர் வந்து நின்று வாசித்தால் மட்டும் உனக்குச் சுருக்கென்கிறதா? கோபத்தில் எழுதுகிறேன், இருந்தாலும் கிழித்துப்போடப் போவதில்லை.

அந்த டீச்சர், அம்மா "குட்டி" என்று கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொள்ள விடுகிறார், அவ்வளவுதான். "நான் வாசிக்கத்தாங்க வந்தேன். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவங்கதான் வந்து ஏன்னு கேக்கணும்" என்றார். எனக்கு உன்னிடம் வேண்டியதும் அதுதான். நீ வந்து ஏன் என்று கேள்.

அம்மாவுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. இன்னொன்று இருக்கிறது. அதையும் எத்தனை நாளைக்கு நம்புவது?

அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலி, அம்மாவின் மூச்சு, எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை மாதம் உனக்குப் பதில் போடாதவள் என்ன குசலம் விசாரிப்பது?

இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, ஹோட்டலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசித்த ஒரு விருந்து. வேறொரு பாட்டு, வேறொரு இடம். மேலே ஏற வேண்டிய வரியில் என் வில் நின்றுவிட்டது. மற்ற மூவரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இடைவேளையில், எங்களை வேலைக்குச் சேர்க்கிற செல்லோ வாசிப்பவர், "என்னம்மா ஆச்சு? உன் வாசிப்பே இது இல்லையே" என்றார். கையில் வலி என்று பொய் சொன்னேன். அடுத்த விருந்திலும் அதே மாதிரி நின்றது. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட மாட்டேன்.

இரண்டாவது, மாடி வீடு. போன ஞாயிற்றுக்கிழமை வாசித்து முடித்தபின் அந்த அம்மாள் கேசட் போட்டார். கண்ணை மூடிக் கேட்டேன். நிற்கிறாள், மூச்சு விடுகிறாள், ஏறுகிறாள், விரலை நகர்த்துகிறாள். "உங்க பொண்ணு இந்த இடத்துல மூச்சு விடறதுகூடக் கேக்குதும்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "இது போன மாசம் நீ வாசிச்சது கண்ணு. உனக்குத் தெரியாம பதிஞ்சு வெச்சேன்" என்றார்.

அக்கா, எனக்குத் தெரியவில்லை. என் கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்புறம் அவளுடைய கேசட்டையும் போட்டார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "எது எதுன்னு சொல்லு பாப்போம்" என்று குழந்தை மாதிரி கேட்டார். நான் சொன்னது இரண்டு தடவையும் தப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வயலினை எடுத்தேன். நிற்காமல் ஏறிப்பார்க்கிறேன், முடியவில்லை. அந்த இடம் வருகிறபோது யாரோ என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

அங்கே இனி வருவதில்லை என்று சொல்லத்தான் நேற்றுப் போனேன். "ஊருக்குப் போறேம்மா" என்றேன். "யாரைப் பாக்க?" என்று கேட்டார். அம்மாவைப் பார்க்க என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வெளியூரில் கச்சேரி என்றேன். "சீக்கிரம் வந்துடு, பாலை ஆத்திவெச்சிட்டு உக்காந்திருப்பேன்" என்றார்.

அடுத்த வாரம் வருகிறேன். வயலினோடு. அம்மாவிடம் சொல்லாதே.

குட்டி

ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

வா. மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் கடையில் இருந்தால் சாவி கீழ்வீட்டில் இருக்கும். அம்மா காலையில்தான் தெளிவாக இருப்பாள். வலது பக்கம் நின்று வாசி, அந்தக் காதுதான் கேட்கிறது.

விரல் நிற்கிறதே என்று நீ கவலைப்படாதே. பெற்றவளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? நீ எப்படி வாசித்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

பஸ்ஸில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்காதே, சளி பிடிக்கும்.

உன் அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

நீ கடையிலிருந்து வந்ததும் கண்ணில் படட்டும் என்று இதைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். நான் உள்ளறையில் படுத்திருக்கிறேன், தூங்கவில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உடைந்துவிடுவேன், அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். அம்மா சாப்பிட்டாள், மாத்திரை கொடுத்தேன். அவளுக்கு மூச்சு பரவாயில்லை.

காலையில் வந்தேன். அம்மா விழித்துத்தான் இருந்தாள். இளைத்துப் பாதியாகிவிட்டாள், நீ எழுதியிருக்கலாம். நான் எதுவும் பேசவில்லை. வலது பக்கமாக நின்று வாசித்தேன்.

ஆரம்பத்திலேயே அவள் முகம் மாறியது. தலையைத் திருப்பி, விரலால் போர்வையில் தாளம் போட்டாள். அவளுக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் வந்தது. அவள் விரல் போர்வைக்கு மேலே தூக்கியபடி காத்திருந்தது. என் வில் நின்றுவிட்டது, அக்கா. மூச்சு விட்டேன். ஏறினேன், கீழே பிடித்தேன், நகர்த்தினேன். அம்மாவின் விரல் தாளத்தைத் தவறவிட்டு அப்படியே போர்வையில் இறங்கியது.

மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மறுபடி நின்றது. எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுப் பெண்தான் வந்து வாசித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அம்மா கையை ஆட்டி நிறுத்தினாள். கோபமில்லை, நன்றாகவே பேசினாள். "போதும்மா, கை வலிக்கப்போவுது. நல்லாத்தான் வாசிக்கிற. யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டாள்.

வில்லைக் கீழே இறக்கினேன்.

"அந்த இடத்துல எல்லாரும் நிப்பாங்க, நீ ஒண்ணும் வெக்கப்படாத. எங்க குட்டி மட்டும்தான் நிக்க மாட்டா. சாயங்காலம் வருவா. இருந்து அவ வாசிக்கிறதக் கேட்டுட்டுப் போ, உனக்கும் வந்துடும்" என்றாள்.

"சரிங்கம்மா" என்றேன். வேலைக்குப் போகிற வீடுகளில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

அக்கா, இன்றைக்குச் சாயங்காலம் டீச்சரைத் தவறாமல் வரச் சொல். என்னை யாரென்று அம்மாவிடம் சொல்லாதே. அவர் வாசிக்கும்போது நான் சுவரோரமாக உட்கார்ந்து கேட்கப்போகிறேன். அவர் ஒப்புக்கொண்டால் நாளையும், நாளை மறுநாளும்.

உன் தங்கை